ஒன்பது வோல்ட் தீர்மானம்

மீட்டர் எங்கும் ஓடிவிடாது, நண்பரே, உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அது செயலாளருடையது, பெஞ்சில் உட்காருங்கள். சார் என்று நான் யாரையும் அழைப்பதில்லை. தாசில்தாரையே அழைத்ததில்லை, தவறாக நினைக்காதீர்கள். தண்ணீர் வேண்டுமானால் பானையில் இருக்கிறது, நீங்களே மொண்டு கொள்ளுங்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை. திருப்பூரில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி மாசி மாதம் போனாள். இப்போது ஐப்பசி. அவளுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா.

நீங்கள் மின்வாரியத்து ஆள். அதனால் உங்களிடம் சொன்னால் நியாயம் புரியும். மின்சாரத்துக்காக மூன்று முறை சிறை சென்றவன் நான். யூனிட் கட்டணத்தை ஏற்றியபோது பதினெட்டு நாள். இணைப்பைத் துண்டிக்க வந்த ஜீப்பின் முன்னால் படுத்ததற்கு நாற்பது நாள். மூன்றாவது தடவை எதற்கென்று போலீசுக்கே தெரியவில்லை, பழக்கத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். மின்சாரத்தைப் பற்றி ஏழு துண்டுப் பிரசுரம் எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு பேட்டரிக் கடைக்காரர் பிளஸ் எது, மைனஸ் எது என்று பாடம் எடுக்கிறார். இது எந்த ஊர் நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் எங்கள் நல்லூர்ப்பாளையம் வட்டார உழவர் உரிமைச் சங்கத்தின் டிராக்டர். பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிற பழைய வெளிநாட்டு வண்டி. ஒரு மிராசுதார் ஓட்டிக் களைத்துப் போட்டதை முப்பத்தேழு குடும்பம் சேர்ந்து வாங்கினோம். உழுதது கொஞ்சம், ஊர்வலம் போனது அதிகம். ஆடி மாதம் தியாகிகள் நாளன்று அதுதான் முன்னால் போகும். அதன் மேல் நான் உட்கார்ந்திருப்பேன். முப்பத்தொரு வருடம்.

அதற்கு ஒரே ஒரு குறை. மற்ற வண்டிகளுக்கெல்லாம் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, இதற்கு ஆறு. சாவியைத் திருப்பினால் ஒருமுறை முனகும், அவ்வளவுதான். பிறகு தோழர்கள் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளினால் கிளம்பும். அதை நாங்கள் குறையாகவே நினைத்ததில்லை. மக்கள் தள்ளாமல் எந்த இயக்கம் நகர்ந்திருக்கிறது?

போன வருட ஊர்வலத்தில்தான் வினை வந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில், கேட்டுக்கு நேர் குறுக்கே நின்றுவிட்டது. என்னையும் சேர்த்துச் சங்கத்தில் மிஞ்சிய பதினொரு பேரில் ஆறு பேருக்கு முட்டி வலி, இரண்டு பேர் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறேன், வண்டி மெல்ல நகர்கிறது. திரும்பிப் பார்த்தால் பின்னால் தாசில்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டவாலியும் அவரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் தள்ளுகிறார்கள். தாசில்தார் ஜீப் வெளியே போக வேண்டுமாம். எந்த அரசை எதிர்த்து முழக்கம் போடுகிறோமோ அந்த அரசின் கை எங்கள் வண்டி மேல். ஜனம் கைதட்டியது. யாருக்குக் கைதட்டியது என்று இன்று வரை எனக்குத் தெளிவில்லை.

அந்த இடத்திலேயே மைக்கில் அறிவித்தேன். அடுத்த ஆடிக்கு இதே வாசலில் இந்த வண்டி தானாகக் கிளம்பும். கிளம்பவில்லை என்றால் தலைவர் பொறுப்பிலிருந்து நான் விலகுவேன். மைக்கில் சொன்னதை நான் வாழ்நாளில் திரும்பப் பெற்றதில்லை. மாரப்பன் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாரப்பன் எங்கள் செயலாளர். முதல் சிறையில் என் பக்கத்துப் பாயில் படுத்தவன். அப்போது பிடித்து நான் தலைவர், அவன் செயலாளர். நான் பேசுவேன், அவன் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுவான். நல்ல உழைப்பாளி, கொள்கைத் தெளிவு போதாது.

தாராபுரம் ரோட்டில் பேட்டரிக் கடை வைத்திருக்கிற சிக்கந்தர் பாயை அவன்தான் கூட்டிவந்தான். பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஆறைப் பன்னிரண்டாக மாற்றிவிட்டால் சாவியைத் தொட்டதும் கிளம்பும் என்றார். பேட்டரி, டைனமோ, காயில், பல்பு எல்லாம் மாற்ற வேண்டும், ஒரு வாரத்து வேலை. மாரப்பன் அன்றைக்கே தொடங்கச் சொன்னான். நான் தடுத்தேன். சங்கத்தின் வோல்ட்டை இரண்டு பேர் ரோட்டில் நின்று முடிவு செய்ய முடியாது. பொதுக்குழு கூட வேண்டும்.

மாசியில் தொடங்கி சித்திரை வரை ஆறு கூட்டம் போட்டோம். இதே அறைதான். நான் எட்டுப் பக்கத்தில் ‘ஆறு வோல்ட்டின் அவலம்’ என்று பிரசுரம் எழுதினேன். போகும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், நிறைய இருக்கிறது. துணைத்தலைவர் குப்பண்ணன் எதிர்த்தார். முன்னோர் ஆறில் போராடினார்கள், ஒரேயடியாக இரட்டிப்பு என்பது ஆடம்பரம், ஆறே போதும் என்றார். நான்கு பேர் அவர் பக்கம். ஆறு கட்சி, பன்னிரண்டு கட்சி என்று சங்கம் பிளந்து நின்றது. டீக்கடையில் தனித்தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பிளவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், நண்பரே, இரண்டு சங்கங்களை அப்படி இழந்திருக்கிறேன். கடைசிக் கூட்டத்தில் நானே எழுந்து சமரசத் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்பது.

ஒன்பது வோல்ட். ஒருமனதாக நிறைவேறியது. குப்பண்ணன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாரப்பன் மட்டும் என்னவோ சொல்ல வந்தான், கூட்டம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டேன்.

தீர்மான நகலை எடுத்துக்கொண்டு பதினொரு பேரும் பாய் கடைக்குப் போனோம். பாய் அதை இரண்டு தடவை வாசித்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“ஒம்பது கெடையாதுங்க தலைவரே.”

அதிகாரிகள் எல்லாரும் இப்படித்தான் தொடங்குவார்கள் என்று சொன்னேன். அவர் பொறுமையாக விளக்கினார். ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட்டாம். மூன்று செல் என்றால் ஆறு, ஆறு செல் என்றால் பன்னிரண்டு, நடுவில் நாலரை செல் வைக்க முடியாதாம். இது என் கையில் இல்லை என்றார். இந்த வாக்கியத்தை நான் எத்தனை அலுவலகத்தில் கேட்டிருப்பேன்! மேலிடத்தில் பேசிவிட்டு வாருங்கள், அதுவரை நகர மாட்டோம் என்று கடை வாசலில் உட்கார்ந்துவிட்டோம்.

மதியம் வரை முழக்கம். ‘வழங்கு வழங்கு, ஒன்பது வழங்கு.’ பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்பது என்னவென்று இறங்கி விசாரித்தார்கள். பாய் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். போராட்ட மரபு கருதிப் பாதிதான் குடித்தோம். மூன்று மணிக்கு மாரப்பன் பேச்சுவார்த்தைக்கு உள்ளே போனான். பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது, சிரிப்பை அடக்குகிறவன் போல, அழுகையை அடக்குகிறவன் போலவும்.

“தலைவரே, நம்ம போராட்டத்தப் பாத்து பாய் பன்னண்டாவே குடுத்தர்றேன்னுட்டாருங்க.”

கேட்டது ஒன்பது, கிடைத்தது பன்னிரண்டு. உழவர் இயக்க வரலாற்றில் கேட்டதற்கு மேல் கிடைத்த ஒரே போராட்டம் இதுதான். ஐந்து கிடைத்தால் பத்து என்று எழுதுகிற சங்கங்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியும். நாங்கள் அப்படி அல்ல. வெடி போட்டுக்கொண்டு ஊர் திரும்பினோம்.

வேலை தொடங்கியது. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் என்று ஒன்றை வைத்தார். காயில், பல்பு, மீட்டர் எல்லாம் புதிது. ஹாரனையும் மாற்ற வேண்டும், அது ஆறு வோல்ட் என்றார். அது தியாகிகள் நினைவாக வைத்த ஹாரன், அதில் கை வைக்கக்கூடாது என்று தடுத்துவிட்டேன். அப்புறம்தான் பாய் அந்தப் பேச்சை எடுத்தார். இந்தப் பழைய வண்டியில் பிளஸ் ஒயரை வண்டியின் உடம்போடு சேர்த்து முடுக்கியிருக்கிறார்கள். ஆல்டர்னேட்டருக்கு அது ஆகாது. மைனஸைத்தான் உடம்போடு சேர்க்க வேண்டும், மாற்றி மாட்டினால் வெந்துவிடும் என்றார்.

நான் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். வோல்ட்டை உயர்த்தத்தான் பொதுக்குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. இடம் மாறுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை ஆண்டு ஒரு பக்கம் நின்றதை ஒரே நாளில் மறு பக்கம் கொண்டுபோய் மாட்ட நான் விட மாட்டேன். அப்படி மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன், நண்பரே. என்னோடு சிறையில் இருந்தவர்கள். இரண்டு பேர் எம்.எல்.ஏ. ஆனார்கள். ஒருவன் என்னைப் பார்த்தால் கார் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறான்.

பாய் மாரப்பனைப் பார்த்தார். “செரிங் தலைவரே, நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்” என்றான் மாரப்பன். நான் நம்பினேன். அதுதான் நான் செய்த ஒரே தவறு, நம்பியது.

ஆடியும் வந்தது. காலையில் சாவியைத் தொட்டேன், கிளம்பியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்ததை மறைக்க மாட்டேன். தாலுகா ஆபீஸ் வரை ஒருவரும் தள்ளவில்லை. அதே வாசல், அதே கேட்டுக்குக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். பேட்டரிக்குப் பாய் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்திருந்தார், அதையும் அணைத்தேன். பேசி முடித்ததும், ஜனத்துக்கு முன்னால், தாசில்தார் ஜன்னலுக்கு நேராக, தானாகக் கிளப்ப வேண்டும். போன வருடம் கைதட்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.

முதலில் பேட்டரிக்கு மாலை போடலாம் என்று மூடியைத் தூக்கினேன். பார்த்தால், கறுப்பு ஒயர், அதாவது மைனஸ், வண்டியின் உடம்பில். சிவப்பு உள்ளே. மாற்றியிருக்கிறார்கள். என் முதுகுக்குப் பின்னால், பொதுக்குழுவின் முதுகுக்குப் பின்னால்.

மாரப்பனைப் பார்த்தேன். கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

நான் மைக்கைப் பிடித்தேன். ஒரு சங்கத்தின் தீர்மானத்தை ஒரு கடைக்காரரும் ஒரு செயலாளரும் சேர்ந்து திருத்த முடியாது, தவறு இதே மேடையில் திருத்தப்படும் என்று அறிவித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன். மாரப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

“தொடாதீங்க தலைவரே. கும்புட்டுக் கேட்டுக்கறேன், தொடாதீங்க.”

மைக் ஆனில் இருந்தது. ஊரே கேட்டது. தலைவரைப் பார்த்துத் தொடாதே என்று ஒரு செயலாளர் பொது இடத்தில் சொல்வது அமைப்பு விதிப்படி என்ன குற்றம் என்று உங்களுக்குத் தெரியாது, விடுங்கள். நான் இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினேன். கிளாம்ப் அளவு சேரவில்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. கல்லால் தட்டி இறக்கினேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைப் போட்டேன். சாவியைத் திருப்பினேன்.

கிளம்பியது, நண்பரே! இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஒருவர் கை படாமல், தானாகக் கிளம்பியது. நான் ஹாரனை அழுத்தினேன். ஆறு வோல்ட் ஹாரனுக்குள் பன்னிரண்டு வோல்ட் போனால் என்ன சத்தம் வரும் என்று உங்கள் வாரியத்துக்காவது தெரியுமா? அலறியது. அழுத்திய பொத்தான் திரும்பி வரவில்லை. தாலுகா ஆபீஸ் ஜன்னல் எல்லாம் திறந்தன. ஜனம் காதைப் பொத்திக்கொண்டது. நான் கையை உயர்த்தி முழக்கம் போட்டேன், எனக்கே கேட்கவில்லை.

கொஞ்சம் புகை வந்தது உண்மை. பானெட்டுக்குள்ளிருந்து வந்தது, பிறகு என் காலடியிலிருந்தும் வந்தது. புதிதாக மாற்றிய வண்டிக்குப் புகை சகஜம் என்று நினைத்தேன். பெட்ரோல் டேங்க் பக்கமாக ஒரு ஒயர் சிவப்பாகத் தெரிந்தது. கூட்டம் ஓடியது. தாசில்தார் ஓடினார். குப்பண்ணன், முட்டி வலிக்காரர், மதில் ஏறினார். நான் இறங்கவில்லை. போராட்டக் களத்தை விட்டு நான் இறங்கியதில்லை.

எல்லாரும் வெளியே ஓடும்போது மாரப்பன் உள்ளே ஓடிவந்தான். சுவிட்ச் வெந்து ஒட்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வெறும் கையால் பேட்டரி ஒயரைப் பிடித்து இழுத்தான். இழுத்துப் பிடுங்கிவிட்டான். ஹாரன் நின்றது. இன்ஜினும் நின்றது. ஊரே அமைதியாகிவிட்டது.

அவன் கையில் ஒரு சிறு காயம். ரப்பர் உருகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டதாம். இப்போது இரண்டு விரல் மடங்குவதில்லை என்று சொல்கிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவில்லை. விசாரணை நிலுவையில் இருக்கும்போது தலைவர் போய்ப் பார்ப்பது முறையல்ல.

ஆமாம், விசாரணைதான். கிளம்பிய வண்டியை, தலைவர் அனுமதி இல்லாமல், பொதுமக்கள் முன்னிலையில் நிறுத்தியது யார்? வண்டி தானாகக் கிளம்பியது, மாரப்பன் நிறுத்தினான். என் சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன். விளக்கம் கேட்டு அவனுக்கு நோட்டீஸ் அனுப்பினேன், பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து. பதிவுத் தபாலில்.

ஆவணியில் பொதுக்குழு கூடியது. பதினொரு பேரும் வந்தார்கள். முதல் தீர்மானம், வண்டி தானாகக் கிளம்பியது, ஆகவே தலைவர் தொடர்கிறார். இந்த ஓட்டுக்குத்தான் நான் பயந்தேன் என்று உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்தப் பொறுப்பு போனால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் பதினொரு கையும் உயர்ந்தன. மாரப்பன் வலது கையில் கட்டு, இடது கையை உயர்த்தினான். நியாயமான ஆள்தான், நான் மறுக்கவில்லை.

இரண்டாவது பொருள், நோட்டீசுக்கு அவனுடைய விளக்கம். எழுத்து மூலம் கொடுக்கச் சொல்லியிருந்தேன். நோட்டுத் தாளில் இடது கையால் எழுதியிருந்தான், கோணல் மாணலாக. ஒரே வரி.

“நீங்க வண்டி மேல இருந்தீங்க தலைவரே.”

நான் அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தேன். பிறகு இது விளக்கம் ஆகாது என்று அறிவித்தேன். அனுமதி பெற்றாயா இல்லையா என்பதுதான் கேள்வி. நான் எங்கே இருந்தேன் என்பது கேள்வியே அல்ல. திருத்திய விளக்கம் தர மேலும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன். தாராளம் என்றுதான் நினைத்தேன்.

குப்பண்ணன் எழுந்தார். அவர் எழுந்தால் எதிர்க்கப்போகிறார் என்று தயாராக இருந்தேன், எதிர்க்கவில்லை. மேஜையில் இருந்த தாளை எடுத்து, உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். ஆறு கட்சி, பன்னிரண்டு கட்சி என்ற வித்தியாசமே இல்லாமல். இவ்வளவு ஒற்றுமையை நான் முப்பத்தொரு வருடத்தில் அவர்களிடம் பார்த்ததில்லை. கடைசியாகப் பேனா மாரப்பனிடம் வந்தது. அவன் நெடுநேரம் வைத்திருந்தான். பிறகு அவனும் போட்டான்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது, நண்பரே. விதி பதினான்கு. நானே எழுதியது. உறுப்பினர் விலகல் கடிதத்தைப் பொதுக்குழு ஏற்றால்தான் செல்லும். பொதுக்குழு கூடக் குறைந்தது நான்கு பேர் வர வேண்டும், அதற்குப் பெயர் கோரம். அவர்கள் வராமல் கோரம் இல்லை. கோரம் இல்லாமல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாமல் விலகல் இல்லை. ஆகவே சட்டப்படி பத்துப் பேரும் இன்றைக்கும் உறுப்பினர்கள்தான். சங்கம் அப்படியே இருக்கிறது. ஒருவர் கூடக் குறையவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம் கூட்டுகிறேன். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. பதினோரு மணிக்குக் கோரமின்மையால் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். புரட்டாசியிலும் போட்டேன். இந்த மாதமும் போட்டேன்.

இந்த மாதம் பத்தரை மணிக்கு மாரப்பன் வந்தான். மொபெட்டை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே நின்றான். எப்படி இருக்கிறீர்கள், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்றான். சங்கம் சம்பந்தமில்லாத கேள்வி, பதில் சொல்லவில்லை. பாய் ஒயர் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறாராம்.

“மைனஸ் தானுங்க பாடிக்கு வரும். செரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நாளைக்கே வந்தர்றோம்.”

எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று அவன் சொல்லாமல் சொல்கிறான், எனக்குப் புரியாமலில்லை. ஒரு வார்த்தைதான். எனக்கும் நாக்கில் வந்தது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. உள்ளே வந்து தீர்மானமாகக் கொண்டுவா, விவாதிக்கலாம் என்றேன்.

“உள்ள வந்தா கோரத்துல எழுதிக்குவீங்க தலைவரே.”

சிரித்தான். நானும் சிரித்திருப்பேன், தலைமை நாற்காலியில் இருந்தேன். அவன் போய்விடவில்லை. கேட்டின் மேல் அந்தக் கையை வைத்துக்கொண்டு, வெயிலில், பதினோரு மணி வரை நின்றான். நானும் எழுந்து போகவில்லை. கூட்டம் நடக்கும்போது தலைவர் எழுந்து போக விதியில் இடமில்லை. மணி பதினொன்று ஆனதும் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

நடந்ததை உள்ளபடி பதிவு செய்வதுதான் என் வழக்கம். அன்றைய வருகைப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: உள்ளே, ஒருவர். கேட்டுக்கு வெளியே, ஒருவர்.